பத்தாவது பொதியைத் தைத்தவள்

என் அன்பு மகனுக்கு,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. பசைப் போத்தல் மேசையில்தான் இருக்கிறது. நாளைய மெயில் ரயிலில் தலைமன்னாருக்கு வருகிற கதிரவேலர் இதை உன் கையில் தருவார். உனக்கு மாமனாராக வரப்போகிறவர் என்பதால், ஒரு கடிதம் கொண்டுபோவீர்களா என்று நான் கேட்டபோது அவரால் மறுக்க முடியவில்லை. அவருடைய தோல் பையில் இதோடு இன்னொரு தாளும் வரும். மூன்று வருடத்துக்கு முன் நீ விட்டுவிட்டு வந்த அரசாங்கக் கந்தோரில் உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிற விண்ணப்பம் அது. துரையிடம் பேசி எல்லாம் சரிக்கட்டிவிட்டார். உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ரயிலில் பொழுது போகாமல் அவர் இந்த உறையைத் திறந்து பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். பார்க்கட்டும், அதற்காகத்தான் ஒட்டவில்லை. ஒரு பிழையை நம் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்ததால் வந்த வினை போதும். இனி நம் வெள்ளவத்தை முழுவதும் கூடியிருந்து வாசித்தாலும் எனக்குச் சம்மதம்.

போன கிழமை நீ எழுதிய தபால் அட்டை வந்தது. ‘கதிரவேலர் மாமா சொல்கிறபடியே செய்கிறேன், அம்மா. எல்லாருக்கும் அதுதான் நிம்மதி.’ இவ்வளவுதான் எழுதியிருந்தாய். முப்பது வருடம் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தியவள் நான். ஒரு பிள்ளை யோசித்து எழுதிய விடையும், பக்கத்து வாங்குப் பிள்ளையைப் பார்த்து எழுதிய விடையும் எனக்கு வேறு வேறாகத் தெரியும். அந்த அட்டையைக் கண்டவுடன் சிவப்பு மையைத் தேடினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நீ பார்த்து எழுதியது என்னைத்தான். மூன்று வருடத்துக்கு முன், கந்தோரை விடாதே என்று உன்னிடம் நான் சொன்ன அதே சொற்களைத்தான் நீ எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். ஆகவே முதலில் என் கொப்பியைத் திருத்துகிறேன்.

அரசாங்க உத்தியோகத்தை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். உன் அப்பா போனபிறகு மாதா மாதம் தவறாமல் வந்த விதவைப் பணமும் என் சம்பளமும்தான் உன்னைப் படிக்கவைத்தன. அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால்தான் நீ கந்தோரை விட்டுவிட்டுப் புறக்கோட்டையில் ஹாஜியாருடைய புடைவைக் கடையில் சேர்ந்த அன்று நான் உலகமே இடிந்ததுபோல நடந்துகொண்டேன். இரண்டு மாதம் உனக்குச் சோறு போட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் மற்ற ரீச்சர்மார் கேட்டால் ‘லீவில் நிற்கிறான்’ என்று பொய் சொன்னேன். நீ அதை ஒருநாளும் எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை. நீ சொல்லிக் காட்டியிருக்கலாம்.

என் வாய் எப்படித் திறந்தது என்று உனக்கு நினைவிருக்கும். அப்போது நாம் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். என் வகுப்பறை யன்னலால் பார்த்தால் துறைமுகத்துக் கப்பல்களின் புகைக்குழாய்கள் தெரியும். பேசும் படம் வந்த பிறகு பெண்பிள்ளைகளின் கண் மாறிவிட்டிருந்தது. படத்தில் ஒருத்தி சேலைக் கரையில் இருக்கிற அதே பூ சட்டைக் கையிலும் வரும்படி உடுத்தி வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிற எல்லாருக்கும் அதுதான் வேண்டும். ஆனால் கடைக்காரர்களோ வருடத்துக்கு இரண்டு தடவை பம்பாய்க்கு எழுதி, மலைபோல வாங்கி, கப்பலில் போடுவார்கள். கப்பல் துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும். பிறகு சரக்கு வள்ளத்தில் இறங்கும், கிட்டங்கியில் கிடக்கும், சுங்கத்தில் கிடக்கும். எங்கள் சங்கீத ரீச்சர் தங்கச்சியின் கலியாணத்துக்கு என்று சொல்லிவைத்த சேலையை அந்தத் தங்கச்சியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றுதான் உடுத்தாள். இந்தக் கதையை நான் யாருக்கோ சொல்லுவதுபோல அடுப்பைப் பார்த்துச் சொன்னேன். நீ இடியப்பத் தட்டோடு குசினி வாசலில் நின்றாய்.

“அம்மா, நீங்கள் ஆறு மாதத்துக்கு வேண்டிய இடியப்பத்தை ஒரே நாளில அவிச்சு வைக்கிறீங்களோ?”

“உனக்கென்ன விசரோ? ஒவ்வொரு நாளும்தானே அவிக்கிறனான்.”

“ஏன்?”

“புளிச்சுப் போகாதோடா?”

“ஓம். சேலையும் புளிக்கும் அம்மா. அதைத்தான் ஹாஜியாருக்குச் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன்.”

இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்தபிறகு கோபத்தை எங்கே தேடி எடுப்பது? நீ அடுப்படியிலேயே குந்தி, கரித்துண்டால் தரையில் வழி கீறினாய். மதராசிலிருந்து ரயில், தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், மருதானை, புறக்கோட்டை. பெரிய கப்பலை நம்பாமல், மனிதர்கள் போய்வருகிற அதே வழியால் கிழமைக்குக் கொஞ்சமாகச் சேலை வரவேண்டும். இந்தக் கிழமை விற்றதைப் பார்த்து அடுத்த கிழமை வாங்கவேண்டும். ஹாஜியார் உன்னிடம் கேட்டாராம், “கப்பல்ல வாற சாமான் ரெண்டு மாசம் பிந்தினாலும் சாமான்தானே மகன்? ரயிலுக்கு ஏன் கூடக் குடுக்கணும்?” இப்படியே இரண்டு வருடம் இழுபட்டபிறகு, போன கிறிஸ்துமசுக்கு முன் நீ அவரைக் கடையின் மேல்மாடிக்குக் கூட்டிப்போய், போன வருடக் கரை போட்ட சேலைகள் கூரைவரை அடுக்கிக் கிடப்பதைக் காட்டினாயாம். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, “சரி, நத்தாருக்குப் பத்துப் பொதி. அதுக்கு மேல கேக்காத” என்றாராம்.

அந்தப் பத்துப் பொதியைப் பற்றித்தான் இப்போது நான் எழுதவேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் கதிரவேலருக்குத் தெரியாது, ஊருக்கும் தெரியாது. ஆகவே பொறுமையாக வாசி.

நான் ஓய்வு பெற்ற முதல் மாதம் இராமேசுவரம் பார்க்கவேண்டும் என்று உன்னோடு புறப்பட்டேன். கோயிலைப் பார்த்துவிட்டு, நீ சாமான் வாங்கப் போன மதராசுக்கும் வந்தேன். கிட்டங்கியில் நீ பொதி கட்டிய விதத்தை நான் முதல்முறை பார்த்தது அங்கேதான். ஒரு பொதிக்குள் நாலு வகைக் கரைச் சேலை, அந்தந்தக் கரைக்குப் பொருந்துகிற சட்டைத் துண்டு, உள்பாவாடைத் துணி, பிள்ளைகளின் கவுணுக்குக் கொஞ்சம் பூச்சீத்தைத் துணி. அடுத்த பொதிக்குள்ளும் அதே எண்ணிக்கையில் அதே சாமான். பத்தும் ஒன்றுபோல. ஒரு ஆள் தோளில் தூக்கக்கூடிய அளவு. கொக்கி போட்டுக் கிழிக்கத் தேவையில்லை. மேலே மெழுகுசீலை. எனக்கு அது குப்பைக்கூடை மாதிரித் தெரிந்தது. நீ ரயிலில் இடம் பிடிக்கப் போய்விட்டாய். நான் அங்கே கட்டுகிறவர்கள் இருவரோடு தனியே இருந்தேன். பள்ளிக்கூடத்தில் இருந்த என் தையல் அலுமாரியை உனக்குத் தெரியும். வெள்ளையோடு வெள்ளை, நூலோடு நூல், பொத்தானோடு பொத்தான். பரிசோதகர் வந்தால் அதிபர் அம்மா முதலில் திறந்து காட்டுவது அந்த அலுமாரியைத்தான். முப்பது வருடம் அதற்காகப் புகழ் வாங்கிய கை சும்மா இருக்குமா? “எல்லாத்தையும் பிரியுங்கோ” என்றேன். சேலையெல்லாம் ஒரு பக்கம், உள்பாவாடைத் துணி ஒரு பக்கம், சீத்தை ஒரு பக்கம். சட்டைத் துண்டுகள் அத்தனையும் பத்தாவது பொதியில். கட்டுகிறவர்களில் மூத்தவர், “அம்மா, தம்பி வேற மாதிரிச் சொல்லியிருக்காருங்க” என்று இழுத்தார். “தம்பியைப் பெத்தவள் நான்” என்றேன். பத்தாவது பொதியின் இரண்டு வாயையும் கோணி ஊசி வாங்கி நானே தைத்தேன். ஒரே அளவான தையல், பிசிறில்லாமல். உனக்கு உதவி செய்கிறேன் என்று அவ்வளவு சந்தோசம் எனக்கு.

நீ திரும்பி வந்தபோது வண்டி வாசலில் நின்றது, ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பொதிகளைப் பார்த்தாய். என் முகத்தைப் பார்த்தாய். “பரவாயில்லை அம்மா, வடிவாய் இருக்கு” என்றாய். அது எவ்வளவு பெரிய பொய் என்று தலைமன்னாரில்தான் எனக்கு விளங்கிற்று.

பியரில், கடலுக்குள் நீண்ட அந்தக் கப்பல் மேடையில், இறங்கும்போது மழை சாய்ந்து அடித்தது. சுங்கக் கொட்டகைக்குள் உத்தியோகத்தர் முதல் பொதியைத் திறந்தார், நீ கொடுத்த பட்டியலைப் பார்த்தார். பத்தும் ஒன்றுபோல இருந்திருந்தால் ஒன்றைத் திறந்து பார்த்தவருக்கு மற்ற ஒன்பதையும் திறக்கத் தேவையில்லை. நீ அப்படிக் கட்டியதன் சூட்சுமமே அதுதான். அது எனக்குத் தெரியாது. என்னால் பட்டியல் ஒரு மாதிரி, பொதி ஒரு மாதிரி. அவர் இரண்டாவதைத் திறந்தார், அது வேறு. மூன்றாவது வேறு. “ஒக்கொம அரின்ன” என்று சிங்களத்தில் கத்தினார். எல்லாவற்றையும் திற என்று அர்த்தம். ஒவ்வொன்றின் ஒரு பக்கத் தையலையும் கத்தியால் அறுத்தார்கள். கொழும்பு ரயில் ஊதிக்கொண்டு நின்றது. நீயும் மூட்டை தூக்குகிற நாட்டாமிகளும் கையில் அகப்பட்ட கயிற்றால் திரும்பக் கட்டி, மழைக்குள் ஓடி ஓடி வண்டியில் ஏற்றினீர்கள். ஒன்பது போயிற்று. பத்தாவதில் கயிறு நழுவிற்று. பொதி நாட்டாமியின் தோளிலிருந்து வழுகி, பலகையில் ஒரு முறை உருண்டு, கடலுக்குள் போனது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். கொக்கி போட்டு இழுத்து எடுத்தார்கள். சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகத் தண்ணீர் ஒழுகிற்று. ஒன்பது பொதி துளி நனையாமல் கொழும்புக்கு வந்தது. ஆனால் அந்த நத்தாருக்குப் பொருந்துகிற சட்டைத் துண்டு இல்லாமல் சேலையை யார் வாங்குவார்கள்? கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பெண்கள் கரையைத் தடவிப் பார்த்து, “இதுக்குச் சட்டைத் துண்டு எங்கே?” என்று கேட்டு, அடுத்த கடைக்குப் போனார்கள்.

நான் கட்டியிருந்த விதத்தில் ஒரு பொதி போனால் பத்தும் போகும். நீ கட்டியபடி விட்டிருந்தால், ஒன்று கடலுக்குப் போனாலும் மற்ற ஒன்பதும் ஒன்பது சின்னக் கடைகள். இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு கடலும் ஒரு மழையும் தேவைப்பட்டன. என் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்திக்கும் இவ்வளவு செலவழித்து நான் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஹாஜியாரிடம் நீ “என்ட பிழை” என்றாய். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. முதல் நாள் வெட்கம். இரண்டாம் நாள், நாளைக்குச் சொல்லலாம் என்ற எண்ணம். மூன்றாம் நாளைக்குள் ‘ரீச்சரின் மகன் சாமானைக் கடலில் போட்டுவிட்டான்’ என்று பிள்ளையார் கோயிலடியில்கூடப் பேச்சாகிவிட்டது. அதற்குப் பிறகு சொல்ல இன்னும் தைரியம் தேவைப்பட்டது, அது என்னிடம் இருக்கவில்லை. வகுப்பில் மைக்கூட்டைக் கவிழ்த்தவர் யார் என்று கேட்டு, எழும்பாத பிள்ளையை நான் எப்படி ஏசியிருக்கிறேன்! இப்போது என் மகன் எனக்காக எழும்பி நிற்க, நான் வாங்கில் இருந்துகொண்டேன். நீயோ ஊரின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், புடைவையோடு ஹாஜியார் எடுப்பிக்கிற அரிசி மூட்டைகளை இறக்கிவிடுகிற வேலையைக் கேட்டு வாங்கி, அதே பியரடிக்குப் போய்ச் சேர்ந்தாய்.

கதிரவேலரும் மனைவியும் நம் வீட்டுக்கு வந்தது தை மாதம். வெற்றிலைத் தட்டைத் தொடாமல் அவர் தொடங்கினார். “ரீச்சர், குறை நினையாதையுங்கோ. பெட்டையை நான் கடல்ல சாமான் போடுறவனுக்கு எப்பிடிக் குடுக்கிறது? கந்தோருக்குத் திரும்பட்டும். அடுத்த முகூர்த்தத்திலையே செய்வம். இல்லையெண்டால் நாங்கள் வேற இடம் பாக்கவேணும்.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அவனுக்கு எழுதிக் கேக்கிறன்” என்றேன். கேட்டு எழுதினேன். நீ அட்டை போட்டாய்.

கதிரவேலரே, நீங்கள் இந்த இடத்துக்கு வந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மேலே வாசியுங்கள். கடலில் சாமான் போட்டவள் நான். பெண் கொடுக்கப் பயமென்றால் என்னைப் பார்த்துப் பயப்படுங்கள். என் மகனைப் பார்த்து வேண்டாம்.

தம்பி, நீ இப்போது தலையில் கை வைப்பாய். வை. இன்னும் கேள்.

உன் அட்டை வந்த மறுநாள் நான் பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனேன். ஹாஜியார் கல்லாவில் இருந்தார். என்னைக் கண்டவுடன் எழும்பி, “வாங்க டீச்சரம்மா, இரிங்க. புள்ளைக்கு ஒடம்புக்கு ஒண்டுமில்லையே?” என்றார். நான் இருக்கவில்லை. கடையில் ஆட்கள் நின்றார்கள். நிற்கட்டும் என்று, பொதியைப் பிரிக்கச் சொன்னதும் பிரித்ததும் தைத்ததும் நான்தான் என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். அவர் உள்ளே போனார். ஒரு கோணித் துண்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். கடல் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. சுங்கத்தில் அறுக்காத பக்கத்தில் என் தையல் அப்படியே இருந்தது.

“இத நான் நத்தார் அண்டைக்கே பாத்தாச்சு,” என்றார். “மத்த ஒம்பதுலயும் மெட்ராஸ்காரன் தையல். யானைக்குக் கட்டுப் போட்ட மாதிரி. இதுல மட்டும் கலியாணப் புள்ளைட சட்டைக்குத் தைச்ச மாதிரி ஈக்கி. கோணி ஊசியால இப்பிடித் தைக்கிற ஆள் மெட்ராசில இல்ல, கொழும்புலயும் ஒரே ஒரு ஆள்தான்.”

“அப்ப ஏன் அவனை ஒண்டும் கேக்கேல்லை?” என்றேன்.

“தாய்க்காகப் பொய் சொல்ற புள்ளைக்கிட்ட என்னத்தக் கேக்கிற? நீங்க வருவீங்கன்டு பாத்துக்கிட்டு இருந்தன். கொஞ்சம் பிந்தித்தான் வந்தீங்க. எங்கட கப்பல் சாமான் மாதிரி.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணால் தண்ணீர் வந்தது. பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அவர் ஒருவரைத் தவிர நாம் எல்லாருமே கடலில் விழுந்த ஒன்றைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். “டீச்சரம்மா, ஒரு பொதி நனைஞ்ச என்டு ஊரெல்லாம் பேசுது. ஒம்பது பொதி காஞ்சு வந்த என்டு ஒருத்தனும் பேசல்ல. அதே கிழமைல நான் பம்பாய்க்கு எழுதிக் கப்பல்ல போட்ட சாமான் எங்க ஈக்கி தெரியுமா? போன வெள்ளிதான் கிட்டங்கிக்கு வந்த. நத்தார் போயி, பொங்கல் போயி. ஒங்கட மகன் சொன்ன வழி சரி. நான் மெட்ராசுக்குத் தந்தி அடிச்சாச்சு. சித்திரை வருசத்துக்குத் தமிழாக்களும் சிங்களாக்களும் சேந்து புதுசு எடுப்பாங்க. பொதி கட்ட அவன் போகணும். ஆனா அவன் எனக்கும் எழுதிட்டான், வேலைய விடுறன் என்டு. நான் என்ன செய்ற?”

“கடிதம் தாங்கோ, நான் அனுப்பிறன்” என்றேன். அவருடைய கடிதம் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. சனிக்கிழமைக்குள் நீ மதராசில் நிற்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார். ஆக, கதிரவேலரின் பைக்குள் உனக்கு இரண்டு கடதாசி வருகிறது. ஒன்று கந்தோர்க் கதிரையில் இருக்கச் சொல்கிறது, மற்றது கப்பலில் ஏறச் சொல்கிறது.

இனி பரமேஸ்வரி. உன்னைக் கட்டப்போகிறவளைப் பற்றி இவ்வளவு பேரும் பேசினோம், அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அவளாகவே வந்தாள். என்னிடம் தையல் படித்தவள் என்பதால் வீட்டுக்கு வர அவளுக்குக் காரணம் தேவையில்லை. கையில் ஹாஜியார் கடைக் கடதாசியில் சுற்றிய ஒரு சேலை. அந்த ஒன்பது பொதியில் வந்த ஊதாக் கரை. இன்னொரு கையில் கறுப்புத் துணி, ஒரு பூவும் இல்லாத வெறும் கறுப்பு.

“ரீச்சர், இதில எனக்கொரு சட்டை வெட்டித் தாங்கோ.”

“பிள்ளை, இது கரையோட பொருந்தாதே.”

“பொருந்தாட்டி என்ன ரீச்சர்? பொருந்திறதெல்லாம் கடலுக்குள்ள போயிட்டுதே.”

எனக்கு முகம் சுட்டது. அவள் குறும்பாகத்தான் சொன்னாள். நான் வெட்டினேன், அவளே தைத்தாள். ஊதாக் கரைக்குக் கறுப்பு எப்படி எடுப்பாக நின்றது என்று நீ வந்து பார். வெள்ளிக்கிழமை அதை உடுத்திக் கோயிலுக்குப் போனாள். கும்பிட்டு முடிவதற்குள் மூன்று பெட்டைகள் எங்கே வாங்கியது என்று கேட்டுவிட்டார்கள். “ஹாஜியாரிட்ட. கடல்ல விழாத சேலை” என்றாளாம். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்: “அப்பாட விண்ணப்பத்தில அவர் கையெழுத்து வச்சால், நான் கலியாணத்துக்கு மறுக்கமாட்டன் ரீச்சர். ஆனால் ஆயுள் முழுக்க அவரைப் பாத்துச் சிரிப்பன்.” கதிரவேலர் இதை வாசித்துத் திடுக்கிடுவார். தன் வீட்டில் இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கும் தலைமன்னார்வரை போகவேண்டியிருக்கிறது.

உனக்கு நான் புத்தி சொல்வதாக நினைக்காதே. எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் அலுமாரி அடுக்குகிற புத்தி. எல்லாவற்றையும் இனம் இனமாகப் பிரித்து, ஒரே மாதிரியானதை ஒரே இடத்தில் வைத்துப் பூட்டினால் பத்திரம் என்றுதான் நான் வாழ்ந்தேன். வகுப்பிலும் கெட்டிக்காரிகளை முன் வாங்கில் ஒன்றாகவே வைத்தேன். பின் வாங்கு முப்பது வருடமும் பின் வாங்காகவே இருந்தது. உன்னையும் அப்படித்தான் அடுக்கப் பார்த்தேன்: நம்மவர்களின் பிள்ளைகள் கந்தோரில், புடைவை விற்பவர்கள் புறக்கோட்டையில். நீ எனக்குக் காட்டியது வேறு. ஒவ்வொரு பொதியிலும் எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கவேண்டும். தெரிந்ததும் கொஞ்சம், துணிந்ததும் கொஞ்சம். ஒன்று நனைந்தால் மற்றதை அவிழ்த்து அடுத்த கிழமை வியாபாரத்தைத் தொடங்கலாம். உன்னிடம் இன்னும் ஒன்பது பொதி காய்ந்து கிடக்கிறது. ஒன்றுக்காக முழுக்கடையையும் மூடுகிறவன் என்று உன்னை யாரும் சொல்ல நான் விடமாட்டேன். கதிரவேலர் சொன்னாலும் விடமாட்டேன். நீ உன்னையே அப்படிச் சொன்னாலும் விடமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்கிறேன். என் பிழையை நீ தோளில் ஏற்றிக்கொண்டது பாசத்தால் என்று எனக்குத் தெரியும். இனிச் செய்யாதே. அன்று மதராசில் “அம்மா, இது பிழை, திரும்பப் பிரியுங்கோ” என்று நீ என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் கோபித்திருப்பேன், ரயில் தவறியிருக்கும், நாம் அடுத்த நாள் ரயிலில் பத்து நல்ல பொதியோடு வந்திருப்போம். மரியாதைக்காக வாயை மூடுவது நம் வீட்டில் என்னோடு முடியட்டும். நாளைக்கு உன் மாமனாருக்கும் அதே கதைதான். பணிவாகச் சொல்லு, ஆனால் சொல்லு.

அதற்கு வசதியும் இருக்கிறது. அவர் உன் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அப்படியே இராமேசுவரம் போவதாகத்தான் புறப்படுகிறார். மெயில் ரயில் பியருக்கு வருகிற அதே காலையில்தான் கப்பலும் புறப்படும். நீயும் ஏறு. அவருக்குப் பக்கத்தில் இரு. கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று மனைவி சொன்னார், முகர்ந்து பார்க்க ஒரு தேசிக்காய் வாங்கி வைத்திரு. தனுஷ்கோடிவரை கதைக்க நிறைய நேரம் உண்டு. பொதிகள் எப்படிக் கை மாறி வருகின்றன, எந்த இடத்தில் நனைகின்றன, எந்த இடத்தில் பிந்துகின்றன என்று எனக்குக் கரித்துண்டால் கீறிக் காட்டியதுபோல அவருக்கும் காட்டு. பெரிய கந்தோரில் இத்தனை வருடம் இருந்தவர். ஒரு கடதாசி எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்று தெரிந்தவர். உன் கணக்கு அவருக்கு என்னைவிடக் கெதியாக விளங்கும்.

விண்ணப்பத்தை அவரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டாம், பாவம், கொண்டுவந்த களைப்பு இருக்கும். நான் அதைப் பார்த்தேன். நல்ல தடித்த அரசாங்கத் தாள், மை ஊறாது. பின்பக்கம் முழுக்க வெறுமையாக இருக்கிறது. மதராசில் அதில் பொதிப் பட்டியலை எழுது. முதற் பொதி: நாலு வகைக் கரைச் சேலை, ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற சட்டைத் துண்டு, உள்பாவாடைத் துணி, பூச்சீத்தை, கறுப்புத் துணி கொஞ்சம் கூடுதலாக. இரண்டாம் பொதி: மேலே உள்ளபடி. மூன்றாம் பொதி: மேலே உள்ளபடி. பத்துவரை அப்படியே எழுதி, கீழே கையெழுத்து வை.

உன் அம்மா